மூன்று கண்ணுக்கு ஒரு கண்ணாடி

கண்ணாடி ஒன்று. ஆட்கள் இரண்டு. கண்கள் மூன்று.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜ் வாசலில், ஒரு சனிக்கிழமை காலை, இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் சண்டை பிடித்தோம். நல்ல குளிர்காலம். வாயைத் திறந்தால் ஆவி பறந்தது. சீமெந்துத் தரையில் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு புதுக் கார்ப் பற்றரி, பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டி. பெட்டிக்குள் அசிட், பற்றரிக்கு ஊற்றுகிற அமிலம்.

"நீங்கள்தான் போட வேணும்," என்றேன்.

"ஊத்தப் போறது நீர். போட வேண்டியதும் நீர்."

"எனக்கு ரெண்டு இருக்கு. உங்களுக்கு ஒண்டுதான் இருக்கு."

முகத்துக்கு நேரே இப்படிச் சொல்கிற ஆள்தான் நான். அவருக்கு அது பழக்கம். சிரித்துவிட்டு, அந்த வெல்டிங் கண்ணாடியை என் தலையில் அவரே மாட்டி, பின்னால் இருந்த இறப்பர் பட்டியை இழுத்து இறுக்கினார். நான் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் திரும்ப மாட்டினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயுடன் நடந்துபோனவர், எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். புதிதாய்க் கட்டின சோடி விளையாடுகிறது என்று நினைத்திருப்பார். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

ஒரு வாசகியின் கேள்வி

சில வாரங்களுக்கு முன்னர், இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். 'உங்கள் கணவருக்கு ஒரு கண் தெரியாது என்று இரண்டு அத்தியாயங்களில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது எப்படிப் போனது என்று மட்டும் எழுதவில்லையே?'

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவவுக்கு என்ன அக்கறை என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கோபம் அவரில் இல்லை. இத்தனை வாரமாக ஆமி, பங்கர், விசா, வாடகை என்று எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிய நான், அந்த ஒரு விஷயத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனதை அவர் கண்டுபிடித்துவிட்டாரே என்ற கோபம் அது.

எழுதுகிறேன். ஆனால் பற்றரியிலிருந்துதான் எனக்கு அதை எழுத வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வீட்டில்?

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. ஓட்டுவது நான். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அந்த வாரம் முழுவதும் பற்றரி இருமிக்கொண்டே கிடந்து, வியாழக்கிழமை ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

அவருக்கு பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. அதற்குப் பக்கத்தில் கார்ச் சாமான் விற்கிற ஒரு கடை. வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் புதுப் பற்றரி வாங்கிவிட்டார். வாங்கியது உலர்ந்த பற்றரி. அதாவது உள்ளே தகடுகள் மட்டும் இருக்கும், அசிட் இருக்காது. அசிட்டைத் தனியாக, தடித்த பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஒரு மெல்லிய குழாயும் வைத்து, பெட்டியில் போட்டுத் தருவார்கள். ஊற்றி எடுத்தால்தான் அது பற்றரி.

கடைக்காரன் தானே ஊற்றித் தருகிறேன் என்றானாம். இவர்தான் வேண்டாம் என்றிருக்கிறார். கூட வேலை செய்கிறவனின் வான் வண்டியில், சாமான்களுக்கு நடுவில், ஊற்றிய பற்றரியை மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி வர அவருக்குப் பயம். மூடி ஒட்டின பெட்டி என்றால் பரவாயில்லை என்று கொண்டுவந்துவிட்டார்.

"ஆர் ஊத்துறது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

அவர் தேத்தண்ணி ஊற்றுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. கோப்பையின் விளிம்பில் இடது கைச் சுட்டுவிரலை வைத்து, அந்த விரலில் கேத்தலின் மூக்கைத் தொட்டு, பிறகுதான் சரிப்பார். விரல் சுடும். சுடுகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கையால் ஆறு சின்ன ஓட்டைகளுக்குள் அசிட் ஊற்றப் போகிறாராம்.

"நீங்கள் ஊத்தினால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்," என்றேன். சும்மா சொல்லவில்லை.

மேல் வீட்டில் மணியம் என்று ஒரு மலேசியத் தமிழர் இருந்தார். வெல்டிங் வேலை. விஷயம் கேள்விப்பட்டு, சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார்.

"இந்தாங்க அக்கா, இதப் போட்டுக்குங்க. பேட்டரி தண்ணி வெளையாட்டு இல்ல லா. நெருப்பு கிட்ட வெச்சிராதீங்க, கேஸ் வரும். சாயங்காலம் நான் வந்து சார்ஜ் போட்டுத் தரேன்."

அவரிடம் வீட்டில் மிச்சமாய் இருந்தது அந்த ஒன்றுதான். அப்படித்தான் சண்டை தொடங்கியது.

பெட்டிக்குள் இருந்த தாள்

அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் குளிக்கப் போன நேரம், பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தேன். நாலாக மடித்த தாள். சின்ன எழுத்து ஆங்கிலம். வெளிக்காற்றில் வைத்துச் செய். மோதிரம், சங்கிலி கழற்று. கையுறை போடு. தகடு மூடும்வரை ஊற்று. அரை மணித்தியாலம் விடு. குறைந்தால் அதே அசிட்டால் நிரப்பு. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்.

கடைசியில், கட்டம் கட்டி, முதலுதவி. கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவு. நிறுத்தாதே. பிறகு டாக்டரிடம் போ.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி அந்த வரியை நாலைந்து தரம் படித்தேன். அந்த மூலையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கிழித்தால் ஏன் கிழிந்தது என்று கேட்பார். மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

சங்கு

இனி யாழ்ப்பாணம்.

சண்டைக்காலம், கரண்ட் இல்லாத வருடங்கள். ரேடியோவுக்கும் ஒரு சின்ன பல்புக்கும் வீட்டில் ஒரு பழைய கார்ப் பற்றரி வைத்திருந்தோம். பற்றரி அப்போது அரசாங்கம் தடை செய்த சாமான். அசிட்டும் அப்படித்தான். எங்கிருந்தோ ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் அசிட் தேடிக்கொண்டு வந்தார். வெளியில் ஆரும் காணக்கூடாது என்று, பட்டப்பகலில் அறை ஜன்னலைச் சாத்திவிட்டு, அரையிருட்டில் குனிந்து ஊற்றினார். ஒடுங்கின கழுத்துப் போத்தல். விக்கல் எடுத்ததுபோல ஒரு தரம் 'களக்' என்று துப்பியது. வலது கண்ணுக்குள் தெறித்துவிட்டது.

அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு வாளி அள்ளி முகத்தில் ஊற்றினேன். இரண்டாவது வாளி பாதியில் இருந்தபோது, கூக்குரல் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் சனம் கூடிவிட்டது. ஒரு குரல் கேட்டது:

"கண்ணுக்குப் பச்சைத் தண்ணி விடாதை பிள்ளை! புண்ணாப்போம்! தாய்ப்பால் விடு!"

எங்கள் ஊரில் கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால்தான். தூசு விழுந்தாலும், மிளகாய்த்தூள் பட்டாலும் அதுதான். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள். வாளியைக் கீழே வைத்தேன்.

வாளியைக் கீழே வைத்தது நான். வேலியில் நின்று சொன்னவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

எங்கள் ஒழுங்கையின் மற்றத் தொங்கலில், கடைசி வீட்டில், பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் ஆன ஒரு பெண் இருந்தாள். குழந்தைகளுக்குப் பால் குடுக்கிற வெள்ளிச் சங்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாவம், அவளே எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாய்ப் பீச்சித் தந்தாள். திரும்பி வரும்போது நான் ஓடவில்லை. ஓடினால் சிந்திவிடும். சங்கைக் கையால் மூடிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து மெல்ல நடந்து வந்தேன். அவர் கிணற்றுக் கட்டில் கண்ணைப் பொத்திக்கொண்டு, நான் வைத்த வாளிக்குப் பக்கத்தில், எனக்காகக் காத்திருந்தார். தண்ணீர் விட வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டுப் போனதால்தான் அவர் அதைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் பார்த்தார். வெளியில் விறாந்தைக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"அக்கா, தண்ணியை நிப்பாட்டாமல் விட்டுக்கொண்டே இருந்திருந்தால் இந்தக் கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்."

உள்ளே போனேன். "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

அந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டுதான் கொழும்பு, பிறகு சிங்கப்பூர், பிறகு ஆக்லாந்து என்று விமானம் ஏறினேன். நல்ல பெண்சாதி என்று எங்களை அறிந்தவர்கள் என்னைச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இருக்கிற ஒரு கண்ணுக்கும் ஏதும் வந்துவிட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்று, காரணமே இல்லாமல், ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கண்ணாடிச் சண்டையை நான்தான் முடித்து வைத்தேன்.

"நீங்கள் குசினிக்குள்ளை போய் நிண்டு, ஜன்னலைச் சாத்திப்போட்டு, மேலை இருக்கிற சின்ன ஜன்னலாலை தாளை வாசியுங்கோ. உங்களுக்கு ஜன்னல் கண்ணாடி, எனக்கு மணியத்தின்ரை கண்ணாடி. என்ன நடந்தாலும் வெளியிலை வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம், ஓம்."

"ஓம் ஓமெண்டு ரெண்டு தரம் சொன்னால் வருவியள். ஒரு தரம் சொல்லுங்கோ."

"ஓம்," என்றார்.

உள்ளே போகுமுன் தோட்டக் குழாயைப் புல்லுக்கு இழுத்துப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் சும்மா புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இப்பவே திறக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஓடட்டும்," என்றார்.

முதியோர் இல்லத்தில் தந்த பிளாஸ்டிக் ஏப்ரன், பழைய கம்பளிச் சட்டை, முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து, பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறை. மோதிரம், காப்பு எல்லாம் கழற்றி வைத்தாயிற்று. தாலிக்கொடியைக் கழற்ற மனம் வரவில்லை. சட்டைக்குள் விட்டு, மேலே ஊசி குத்திக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெரிய டப்பா அப்பச் சோடா. சிந்தினால் அதன் மேல் கொட்டுவதற்கு. கற்பூரம் கொளுத்தாமல் நான் தொடங்கிய முதல் நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும். நெருப்புக் கூடாதே. பிள்ளையாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். மேல் ஜன்னல் இடுக்கால் குரல் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பார், தமிழில் சொல்வார். தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர், அறிவித்தல் வாசிக்கிற அதே குரல்.

"ஆறு மூடியையும் கழட்டும். கழட்டியாச்சே?"

"ஓம்."

"குழாய் நுனியை வெட்டும். பையை நிமித்திப் பிடியும். குழாயை நுள்ளிப் பிடிச்சுக்கொண்டு முதலாவது ஓட்டைக்குள்ளை விடும். மெல்ல."

மெல்ல விட்டேன். அசிட் பார்வைக்குத் தண்ணீர்தான். அதுதான் அதில் பயங்கரம். உள்ளே தகடுகள் மெல்லச் சீறின. மூக்கில் ஒரு புளித்த நெடி ஏறியது. தகடு மூடியதும் குழாயை நுள்ளி, அடுத்த ஓட்டைக்குப் போனேன். மூன்றாவது ஓட்டை முடிந்தபோது பற்றரியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன். கையுறைக்கு மேலாகவே சூடு தெரிந்தது.

"சுடுது," என்று கத்தினேன்.

"சுடும். தாளிலை போட்டிருக்கு. பயப்பிடாதையும்."

நாலு. ஐந்து. அவர் வாசித்துக்கொண்டே போனார். மிஞ்சிய அசிட்டை வைத்திருக்கக் கூடாது. வேறு போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. அந்த வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். சோடாப் போத்தல் எனக்கும் ஞாபகம் வந்தது.

கட்டம் கட்டின வரி நெருங்கிவிட்டது. எனக்குத் தெரியும். ஆறாவது ஓட்டைக்குள் குழாயை வைத்தபடி, அந்த வரி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊத்தி முடிஞ்சதும் அரை மணித்தியாலம் ஆட்டாமல் விட வேணும்," என்று வாசித்தார். "பிறகு ஒருக்காப் பாத்து, குறைஞ்சிருந்தால் நிரப்ப வேணும். அவ்வளவுதான். முடிஞ்சுது."

முடியவில்லை. அதற்குக் கீழே இருப்பதை அவர் வாசிக்கவில்லை. தாளை மடிக்கிற சத்தம் கேட்டது.

நான் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

ஒரு சொட்டு

குழாயை நுள்ளின விரல் ஒரு கணம் தளர்ந்திருக்க வேண்டும். நுனியிலிருந்து ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, கையுறை முடிந்து சட்டைக்கை தொடங்குகிற இடுக்கில் விழுந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எறும்பு கடித்ததுபோலச் சுரீர் என்றது.

"ஸ்ஸ்..." என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. பையைப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தேன்.

குசினிக் கதவு படார் என்று திறந்தது.

"வராதேங்கோ! கிட்ட வராதேங்கோ! கண்ணாடி இல்லை உங்களிட்டை!" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "சத்தியம் பண்ணினனீங்கள்!"

அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. அந்த ஒற்றைக் கண்ணைத் திறந்த பாட்டில் நேரே என்னிடம் வந்தார். என் முழங்கையைப் பிடித்து, பற்றரியை விட்டுத் தூரமாய், புல்லுக்கு இழுத்துக்கொண்டு போனார். கையுறையை உரித்து எறிந்தார். சட்டைக்கையை மேலே தள்ளினார். குழாயை எடுத்து நீட்டினார். தண்ணீர் என் நெஞ்சில் பட்டது, பிறகு சப்பாத்தில் பட்டது. தூரம் பிடிபடவில்லை. உடனே இடது கைச் சுட்டுவிரலை என் மணிக்கட்டில் வைத்தார். அந்த விரலில் குழாயின் வாயைத் தொட்டு, தண்ணீரை விட்டார்.

கார் அடுத்த நாள் ஸ்டார்ட் ஆனது. மணியம் பின்னேரம் வந்து சார்ஜ் போட்டுத் தந்தார்; மிஞ்சிய அசிட்டை அப்பச் சோடாவில் கொட்டி நுரை அடங்கும்வரை நின்று பார்த்தோம். ஞாயிறு காலை நேரத்துக்கு வேலைக்குப் போனேன். இதையெல்லாம் கேட்பவர்கள் இருப்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத வேண்டியது அந்தப் புல்லில் நின்ற நேரம்தான்.

தண்ணீர் பனிக்கட்டிபோல இருந்தது. கை விறைத்துப் போய்விட்டது. மணிக்கட்டில் ஒரு மிளகளவு சிவப்பு. அவ்வளவுதான்.

"காணும், விடுங்கோ," என்றேன். "ஒண்டும் இல்லை. ஒரு சொட்டுத்தான்."

அவர் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். என் கையை விடவில்லை. குழாய் பிடித்த கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பத் தண்ணீரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தார்.

எத்தனை நிமிடத்துக்காகப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவர் வாசிக்காமல் மடித்த வரியில் இருந்த கணக்கு அது. எப்போது தெரிந்துகொண்டார், அந்தத் தாளிலா, அதற்கு முன்னரா, அந்த விறாந்தையிலேயே டொக்டர் குரல் உள்ளே கேட்டதா, எனக்குத் தெரியாது. இன்றைக்குவரை கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டேதானோ என் கையால் தேத்தண்ணி குடித்தார், என்னோடு விமானம் ஏறினார், சற்று முன்னர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்காக ஒரு வரியை விழுங்கினார். வெல்டிங் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. துடைக்க வழி இல்லை.

"அண்டைக்குத் தண்ணியை நிப்பாட்டினது நான்," என்றேன். "டொக்டர் என்னட்டைச் சொன்னவர். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் நிமிரவில்லை. சுட்டுவிரல் என் மணிக்கட்டிலேயே இருந்தது.

"கையை ஆட்டாதையும்," என்றார். "இன்னும் நாலு நிமிசம் இருக்கு."